மில்லில் மின்சாரம் மிச்சமாகும்; பணம் கைக்கு வருமா?

கேள்வி கேட்ட நண்பர் கோவைப் பக்கம் ஆற்றல் தணிக்கை செய்பவர். 25,000 ஸ்பிண்டில் (நூல் நூற்கும் கதிர்) ஓடும் ஒரு நூற்பாலையில் கம்ப்ரசர், ஹெச்-பிளான்ட் (ஆலைக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் அமைப்பு) விசிறிகள், பம்புகள் எல்லாவற்றையும் அளந்து பார்த்திருக்கிறார். 80 லட்சம் போட்டால் வருடத்துக்கு 40 லட்சம் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. முதலாளி முதலீடு செய்யத் தயாரில்லை. "நீங்களே போடுங்கள், மிச்சத்தில் 70 பங்கு உங்களுக்கு, 30 எனக்கு, ஐந்து வருடம்" என்கிறார். இவ்வளவு தெளிவான லாபம் இருக்கும்போது ஏன் இந்தியாவில் எஸ்கோ (ஆற்றலை மிச்சப்படுத்திக் கொடுத்து, அந்த மிச்சத்திலிருந்து பணம் பெறும் நிறுவனம்) தொழில் வளரவே இல்லை, நான் எதைக் கவனிக்காமல் விடுகிறேன், அரசு பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மின்சாரம் மிச்சமாகுமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. மிச்சமான பணம் ஐந்து வருடம் தவறாமல் அவர் கைக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி. முதலாவது எஞ்சினியரிங், இரண்டாவது கடன் தொழில். பேசும்போது நாம் முதலாவதை மட்டுமே பேசுகிறோம். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்த ஒப்பந்தங்களின் அளவீட்டுப் பக்கத்தில் பல வருடங்களாக இருப்பவன். பார்த்ததெல்லாம் மில்கள், ஃபவுண்டரிகள், நகராட்சிகள். ஆஸ்பத்திரி, ஹோட்டல் பக்கம் அதிகம் போனதில்லை, அதனால் அவற்றைப் பற்றிப் பேச மாட்டேன்.

நண்பரே, முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 40 லட்சத்தில் 70 சதவீதம் 28 லட்சம். ஐந்து வருடத்தில் 1 கோடியே 40 லட்சம். 80 லட்சத்துக்கு இது ஏறக்குறைய 22 சதவீத வருவாய் விகிதம், நன்றாகவே இருக்கிறது. சரி, இப்போது சேமிப்பு 40-க்குப் பதில் 30 லட்சம்தான் என்று வையுங்கள். உங்கள் பங்கு 21 லட்சம், விகிதம் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. உங்களுக்குக் கிடைக்கிற கடனின் வட்டியே அதைச் சாப்பிட்டுவிடும். மில் மூன்று ஷிப்டிலிருந்து இரண்டு ஷிப்டுக்கு இறங்கினால் பங்கு 18 லட்சத்து சொச்சம், விகிதம் 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். பேங்க் எஃப்.டி.யில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கருவிகளில் ஒரு குறையும் இல்லாமலேயே இவ்வளவு சரிவு வரும். இது கற்பனையான பயமும் இல்லை. 2022-ல் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது கொங்கு மண்டலத்தில் எத்தனை மில்கள் ஓட்டத்தைக் குறைத்தன என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது அளவீடு. சண்டை தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். சேமிப்பு என்பது மீட்டரில் தெரியாது. மீட்டர் காட்டுவது செலவை. 'இந்த வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்' என்ற நடக்காத ஒன்றிலிருந்து நடந்ததைக் கழித்தால் வருவதுதான் சேமிப்பு. மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தால் காய்ச்சல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்தியருக்குப் பணம் கொடுப்பது போன்ற வேலை. இதைச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. உலகம் முழுக்க ஐ.பி.எம்.வி.பி. என்ற நெறிமுறையை வைத்துச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வழிகள் உண்டு. முதல் இரண்டும் மாற்றிய கருவியை மட்டும் தனியாக அளப்பவை, மூன்றாவது முழு ஆலையின் மீட்டரைப் பார்ப்பது, நான்காவது கணினி மாதிரி. மில் முதலாளிகள் எல்லோரும் விரும்புவது மூன்றாவதை. "ஈ.பி. பில் குறைந்தால் பணம் தருகிறேன்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 25,000 ஸ்பிண்டில் மில் வருடத்துக்கு ஒரு கோடி யூனிட் அளவில் எடுக்கும். உங்கள் 40 லட்ச ரூபாய் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் யூனிட், அதாவது மொத்தத்தில் 5 சதவீதம். சேமிப்பு 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் முழு ஆலை மீட்டரில் அது தெளிவாகத் தெரியாது. உற்பத்தியின் ஏற்ற இறக்கத்திலேயே கரைந்துவிடும். ஆகவே பில்லை வைத்துக் கணக்குப் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்ப்ரசருக்கு ஒரு மீட்டர், ஹெச்-பிளான்ட்டுக்கு ஒரு மீட்டர், இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகிற மாதிரி, சீல் வைத்து.

"யூகேஜி வைத்துக் கணக்குப் பார்க்கலாமே" என்று அடுத்து ஒரு யோசனை வரும். கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பது மில்காரர்களுக்குப் பழகிய அளவு, அதனால் பேச எளிது. ஆனால் 40-ஆம் கவுண்ட் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண், கூடக் கூட நூல் மெல்லியது) ஓட்டிக்கொண்டிருந்த மில் ஆர்டர் வந்தது என்று 60-க்கோ 80-க்கோ போனால் யூகேஜி எகிறும். 40-க்கு மாற்றிச் சொல்லும் சூத்திரம் இருக்கிறது என்றாலும், அந்த மாற்றலில் வரும் பிழையே உங்கள் 5 சதவீதத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஹெச்-பிளான்ட்டுக்கு வெளிக்காற்றின் ஈரப்பதம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எடுக்கும் மின்சாரமும் மார்ச், ஏப்ரலில் எடுப்பதும் ஒன்றல்ல. அடிப்படை அளவை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டு ஐந்து வருடத்துக்கு அதை வைத்தே பில் போடுகிற ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். இரண்டாம் வருடம் மில்லின் எலக்ட்ரிகல் மேனேஜர் ஒரு எக்செல் தாளோடு வருவார்.

இந்தத் தகராறு புதிதும் இல்லை. ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி போல்டனும் 1770-களின் கடைசியிலிருந்து இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைக்கும் நீராவி எஞ்சின்களை இதே முறையில்தான் கொடுத்தார்கள். பழைய நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்று ஒப்பந்தம். எஞ்சின் எத்தனை முறை அடித்தது என்று எண்ணப் பூட்டுப் போட்ட ஒரு எண்ணியைக்கூட அதில் பொருத்தினார்கள். அளவீட்டில் அவ்வளவு கவனம் இருந்தும், பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்த பிறகு அதோடு எப்படி ஒப்பிடுவது என்ற சச்சரவு போகவில்லை. சில சுரங்கங்களில் வருடத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகைக்கு மாறினார்கள். 1790-களில் பல சுரங்க முதலாளிகள் பணம் கொடுப்பதையே நிறுத்தி, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. கேள்விக்கு நேரடியான பதில் இதில் இல்லைதான், ஆனால் அந்த நிலையான தொகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எஞ்சினியரிங்கில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதையும் பிரித்துக்கொள்வது நல்லது. கம்ப்ரசரின் அழுத்தத்தை ஒரு 'பார்' (அழுத்தத்தின் அலகு) குறைத்தால் மின்சாரம் 6 முதல் 8 சதவீதம் குறையும், இது நிச்சயம். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 42-க்கு வந்தால் கணக்குப்படி 40 சதவீதம். மூடிய சுற்றில் ஓடும் விசிறிக்கு இது பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். அதே கணக்கை மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்குப் போட்டீர்கள் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே பெரும் பங்கு நிலையான உயரம், வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் மேலேயே போகாது. காற்றுக் கசிவை அடைப்பதில் வரும் சேமிப்பு உண்மையானது, ஆனால் நிலைக்காது. ஆள் போட்டுத் தொடர்ந்து பார்க்காவிட்டால் ஒரு வருடத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அப்புறம் மனிதர்களை நம்பும் சேமிப்பு. நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரத்தில் ஸ்பிளைஸ் (காற்றழுத்தத்தால் நூலை ஒட்டும் இணைப்பு) சரியாக விழவில்லை என்று யாராவது புகார் சொன்னால், ஷிப்ட் ஃபிட்டர் முதலில் செய்வது கம்ப்ரசர் செட்டிங்கை அரை பார் ஏற்றுவது. ஏற்றியதைத் திரும்ப இறக்க யாருக்கும் ஞாபகம் வராது. இந்தக் கடைசி வகையை நான் ஒப்பந்தத்தில் உத்தரவாதமாக எழுத மாட்டேன்.

யூனிட்டை அளந்தாகிவிட்டது, அதை ரூபாயாக மாற்றுவது எப்படி? பலர் யோசிக்காத இடம் இது. பில் தொகையை யூனிட்டால் வகுத்து எட்டு ரூபாய் என்று போடுகிறோம். ஆனால் ஹெச்.டி. (உயர் அழுத்த இணைப்பு) பில்லில் ஒரு பகுதி டிமாண்ட் கட்டணம், அதாவது எடுக்கும் யூனிட்டுக்கு அல்லாமல், மில் கேட்டு வைத்திருக்கும் மின்திறன் அளவுக்கான கட்டணம். யூனிட் குறைந்தாலும், ஒப்பந்த டிமாண்டை மில் குறைத்து வாங்காவிட்டால், அந்தப் பகுதி பெரிதாகக் குறையாது. உச்ச நேரத்தில் மிச்சமான யூனிட்டுக்கும் ராத்திரி மிச்சமானதற்கும் விலை வேறு. இதற்கெல்லாம் மேலே தமிழ்நாட்டு மில்களுக்கே உரிய ஒரு சிக்கல், சொந்தக் காற்றாலை. மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசனில் மில்லுக்குத் தேவையான யூனிட்டின் பெரும்பகுதி அதிலிருந்தே வரும். அந்த மாதங்களில் நீங்கள் மிச்சப்படுத்திய யூனிட் ஈ.பி. பில்லைக் குறைப்பதில்லை, பேங்கிங்கில் (பிறகு எடுத்துக்கொள்ள மின்வாரியத்திடம் வரவு வைக்கும் கணக்கு) போய்ச் சேர்கிறது அல்லது வீணாகிறது. "எனக்கு என்ன மிச்சம்?" என்று முதலாளி கேட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் மில்லுக்குக் காற்றாலை இருக்கிறதா என்று கேள்வியில் சொல்லவில்லை. இருந்தால் 40 லட்சத்தை மாதவாரியாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கடனுக்கு வருவோம். 80 லட்சத்தில் 25 லட்சம் உங்கள் கைப்பணம், மீதி பேங்க் என்று வைத்துக்கொள்வோம். பேங்க் மேனேஜர் கேட்பது எதை? இன்னொருவர் மில்லுக்குள் பைப்போடு பைப்பாக இருக்கும் கருவியை அவர் அடமானமாகப் பார்ப்பதில்லை. கழற்றினால் பாதி விலைக்குக்கூடப் போகாது. வருங்காலச் சேமிப்பை நம்பிக் கடன் கொடுக்கவும் அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் உங்கள் வீட்டுப் பத்திரம்தான். முதல் திட்டம் இப்படி ஓடிவிடும், இரண்டாவதும் ஓடலாம். மூன்றாவதில் உங்கள் பேலன்ஸ் ஷீட் நிரம்பிவிடும், ஏனென்றால் முதல் திட்டத்தின் பணம் இன்னும் திரும்பி வந்திருக்காது. இந்தியாவில் சின்ன எஸ்கோக்கள் நாலைந்து திட்டத்தோடு நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. அரசு இதற்கு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் ஆற்றல் திறன் அமைப்பான பி.இ.இ. ஒரு பகுதி இடர் உத்தரவாத நிதியைக் கொண்டுவந்தது, உலக வங்கி உதவியோடு சிறுதொழில் வங்கியான சிட்பி நடத்திய இடர்ப் பகிர்வுத் திட்டம் இருந்தது. ஆனால் அவை கடன் கொடுக்கும் பேங்குக்கான உத்தரவாதம், உங்களுக்கானவை அல்ல. மில் பணம் கொடுக்காவிட்டால் பேங்குக்கு ஒரு பகுதி கிடைக்கும், உங்கள் 25 லட்சம் போனது போனதுதான்.

அரசு பக்கம் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் திட்டமாக வேண்டாம். தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். என்.டி.பி.சி., பவர் கிரிட், பி.எஃப்.சி., ஆர்.இ.சி. என்ற நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய ஈ.ஈ.எஸ்.எல்., 2015-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.ஈ.டி. தெருவிளக்குகளைப் போட்டது. முதலீடு அவர்களுடையது, உள்ளாட்சிகள் ஏழு வருடத்தில் தவணையாகக் கொடுக்க வேண்டும். தொழில்நுட்பத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளாட்சிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி மலையாகச் சேர்ந்து அந்த நிறுவனத்தையே திணற வைத்தது. மத்திய அரசின் நிழலில் இருக்கும் நிறுவனத்துக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம். காரணம் வெறும் அலட்சியம் மட்டும் இல்லை. பல ஊர்களில் முன்பு பாதி விளக்குகள் எரியவே இல்லை. எல்லாவற்றையும் எரிய வைத்த பிறகு பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. சில இடங்களில் மீட்டரே கிடையாது. இன்னும் சில இடங்களில் மின்கட்டணமே பாக்கியில் கிடந்தது. கட்டாத பில்லில் மிச்சம் பிடித்தால் அந்த மிச்சம் பணமாக எங்கே இருக்கும்? இதோடு டெண்டர் விதிகளும் சேரும். நீங்கள் மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்த தணிக்கை அறிக்கையை வைத்தே டெண்டர் விட்டு, குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள். தனியாரிலும் இது நடக்கும். அறிக்கையைக் கொடுக்கும் முன்பே, திட்டம் உங்களுக்கு வராவிட்டால் தணிக்கைக்கு இவ்வளவு கட்டணம் என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் ஒப்பந்தம். ஐந்து வருடப் பங்குக்குப் பதிலாக இரண்டு யோசனைகள். முடிந்தால் உத்தரவாத முறைக்கு மாற்றுங்கள். கடனை மில்லே வாங்கட்டும், அவர்களுக்கு வட்டியும் குறைவு. சேமிப்பு இவ்வளவுக்குக் குறையாது என்று நீங்கள் உத்தரவாதம் கொடுத்து அதற்குக் கட்டணம் வாங்குங்கள். குறைந்தால் வித்தியாசத்தை நீங்கள் கொடுக்க வேண்டும், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பயம். மில் மூடிவிடுமோ, முதலாளி மனம் மாறுமோ என்ற பயம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதது. அவர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், வாட் காலத்து நிலையான தொகைக்கு வாருங்கள். நிறுவி முடித்ததும் இரண்டு தரப்பும் ஏற்கும் தணிக்கையாளர் ஒருவர் அளக்கட்டும். அதற்குப் பிறகு மாதத்துக்கு இவ்வளவு என்று முடித்துவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை கருவி சரியாக ஓடுகிறதா என்று மட்டும் சோதனை. அளவீட்டில் தூய்மை பார்ப்பவர்கள் இதை எஸ்கோவே இல்லை என்பார்கள். சொல்லட்டும். காலத்தையும் மூன்று வருடத்துக்குக் குறையுங்கள், அதற்காக உங்கள் பங்கு 90 ஆனாலும் சரி. முதல் வருடம் நன்றி சொல்லும் முதலாளி மூன்றாவது வருடம் "இந்தக் கருவி எப்போதோ போட்டதாச்சே, இன்னும் ஏன் பணம்?" என்று கேட்பார். அதற்குள் மகன் பொறுப்புக்கு வந்திருந்தால் கேள்வி இன்னும் சீக்கிரம் வரும்.

பங்கு முறையிலேயே போவதாக இருந்தால் சில பிரிவுகளை விட்டுக்கொடுக்காதீர்கள். கம்ப்ரசரும் விசிறியும் வருடத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் ஓடும் என்ற தரைமட்டம், அதற்குக் கீழே போனாலும் அந்த மணிக்கான பணம். யூனிட் விலைக்கு ஒரு அடிமட்டம். மில் கைமாறினால், மூடினால், நடுவில் விலக நினைத்தால் எந்த மாதத்தில் எவ்வளவு கொடுத்துக் கருவியை எடுத்துக்கொள்ளலாம் என்ற அட்டவணை. கருவியின் சொத்துரிமை யாரிடம் என்பதும் முக்கியம், தேய்மானக் கழிவு யாருக்கு என்பது அதைப் பொறுத்தது. சில ஆற்றல் சேமிப்புக் கருவிகளுக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு. மில் இந்திய கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனம் என்றால் அவர்கள் ஆடிட்டர் இதைக் குத்தகையாகப் பார்த்துக் கடன் பக்கத்தில் காட்டச் சொல்லலாம், முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜி.எஸ்.டி. விஷயத்தில் என் வார்த்தையை நம்பாமல் உங்கள் ஆடிட்டரிடம் ஒப்பந்த நகலைக் காட்டுங்கள்.

பணம் தாமதமானால் சட்டத்தில் வழி இருக்கிறது. குறு, சிறு நிறுவனமாக உத்யமில் (அரசின் சிறுதொழில் பதிவுத் தளம்) பதிந்திருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. குறித்த காலத்துக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாக மில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் இப்போது பிரிவு வந்துவிட்டது. இந்த இரண்டாவது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது, மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே ஃபோன் செய்வார். முதலாவதைப் பயன்படுத்தினால் பணம் வரலாம், ஆனால் அந்த மில்லில் உங்களுக்கு அடுத்த வேலை இல்லை. பக்கத்து மில்லிலும் இருக்காது, எல்லோரும் உறவுக்காரர்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் செலவிலேயே மீட்டர்களைப் பொருத்தி மூன்று மாதம் அடிப்படை அளவு எடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றிரண்டு லட்சத்துக்குள் முடியும். வறண்ட மாதம் ஒன்றும் ஈரமான மாதம் ஒன்றும் அதில் வர வேண்டும், ஏப்ரல் நடுவில் தொடங்கினால் சரியாக இருக்கும். அதோடு கடந்த இரண்டு வருட ஈ.பி. பில்களையும், அவை எந்தத் தேதியில் கட்டப்பட்டன என்ற ரசீதுகளையும் கேளுங்கள். ஈ.பி.க்கே கடைசி நாள் தாண்டிக் கட்டுகிற மில் என்றால் உங்கள் பில் எந்த வரிசையில் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரசீதைக் காட்ட முதலாளி தயங்கினால் தணிக்கைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.